மலாவியில் நான் உடைத்த பரங்கிக்காய்

பரங்கிக்காயை உடைத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மைத்துனன் முனிரத்தினம் உடைத்தான் என்று எங்கள் சொந்தக்காரர்களில் சிலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் பாவம், கற்பூரம் மட்டும்தான் கொளுத்தினான்.

என் பெயர் தணிகாசலம். ஊர் திருத்தணி. போர்வெல் ரிக்கில் ராடு தூக்கும் ஆளாகச் சேர்ந்து, ஹெல்பராகி, டிரில்லராகி, கடைசிப் பதினோரு வருடத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு இப்போது வீட்டோடு இருக்கிறேன். வேலைக்கோ சுற்றிப் பார்க்கவோ அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "ஆப்பிரிக்காவுல எங்கண்ணா போலாம், சிங்கம் எங்க நல்லாத் தெரியும்?" சிங்கம் பார்க்க வேண்டுமென்றால் வண்டலூருக்குப் போங்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆப்பிரிக்கா என்பது ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள். அதையெல்லாம் ஒரே ஊர் மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நம்மவர்கள் பெயர்கூடக் கேள்விப்படாத நாடுகளில்தான் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். அதில் முதல் நாடு மலாவி.

1. கல் பவுடர்

மலாவிக்கு முதலில் போனபோது எனக்கு நாற்பத்தேழு வயது. கிராமங்களுக்குக் குடிநீர் போர் போட்டுக் கொடுக்கும் கான்ட்ராக்ட் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. வரைபடத்தில் தேடினேன். தான்சானியா, ஜாம்பியா, மொசாம்பிக் மூன்றுக்கும் நடுவில் புடலங்காய் மாதிரி நீளமாக ஒரு நாடு. என் மனைவி சரோஜா அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ ஒல்லியா கீதே, இதுல தண்ணி இருக்குமா?" என்றாள். துணைக்கு அவள் தம்பி முனிரத்தினத்தையும் கம்பெனியில் சேர்த்துவிட்டுத்தான் என்னை அனுப்பினாள். அவனும் நகரி பக்கத்தில் ரிக் ஓட்டியவன்தான்.

அடிஸ் அபாபாவில் விமானம் மாறி, பிளான்டயர் என்ற ஊரில் இறங்கினோம். அக்டோபர் மாதம். ஊர் முழுக்க மரங்களில் இலையே இல்லை, வெறும் ஊதாப்பூ. சாலையிலும் பூ, லாரி மேலும் பூ, போலீஸ்காரர் தொப்பியிலும் பூ. ஜக்கரண்டா என்று எங்கள் டிரைவர் சொன்னான். அவன் பெயர் பிளெஸ்ஸிங்ஸ். எங்களுக்கு டிரைவரும் அவன்தான், மொழிபெயர்ப்பாளரும் அவன்தான். அவன் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் இங்கே நம்ம பேச்சில் எழுதுகிறேன்.

மறுநாள் கிழக்கே வண்டி போனது. தேயிலைத் தோட்டம் முடிந்த இடத்தில் முலாஞ்சி மலை தெரிந்தது. மலை என்றால் நம் கண்ணுக்கு முதலில் ஒரு குன்று வரும், பிறகு ஒரு மேடு வரும், அப்புறம்தான் மலை வரும். இங்கே அப்படி எந்த முன்னறிவிப்பும் இல்லை. தட்டையான சோளக்காட்டில் இருந்து ஒரே கல்லாக மேலே போகிறது. நடுவயிற்றில் மேகம் சுற்றிக்கொண்டிருந்தது. மேகத்தோடு மலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மேகம் விலகியபோது இன்னும் அவ்வளவு மலை பாக்கி இருந்தது. நான் தினமும் மலையைப் பார்த்து வளர்ந்தவன். ஆனாலும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்று கும்பிட்டேன். முனிரத்தினமும் கும்பிட்டான். பிளெஸ்ஸிங்ஸும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

முதல் போரில் ஹேமர் கருங்கல்லைத் தட்ட ஆரம்பித்ததும் பவுடர் மேலே வந்தது. ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் ஒரு கை பவுடர் எடுத்துப் பார்ப்பது டிரில்லர் வழக்கம். எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம், கறுப்புப் புள்ளி, வெயிலில் மினுக்கும் காக்காப்பொன். பள்ளிப்பட்டுப் பக்கம் நான் போட்ட போர்களில் வந்த அதே பவுடர். கம்பெனி ஜியாலஜிஸ்டிடம் காட்டினேன். அவர் அந்த ஊர்க்காரர். கோடிக்கணக்கான வருடத்துக்கு முன்னால் எங்கள் நிலமும் உங்கள் நிலமும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன, பிறகு பிரிந்து போயின என்றார். மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் கேசிங் பைப் மேலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். கடல் தாண்டி இவ்வளவு தூரம் வந்து, எங்கள் கோயில் படிக்கட்டுக் கல்லின் கூடப்பிறந்த கல்லைத்தான் துளைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பவுடர் கொஞ்சத்தை மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தேன். இன்றும் இருக்கிறது.

2. பூஜை

அடுத்த வருடம் நவம்பரில் நடந்தது இது. முலாஞ்சிக்கு வடக்கே ஒரு சின்ன ஊர், எங்கள் பட்டியலில் அதுதான் கடைசி. மழை இறங்கிவிட்டால் மண் சாலை சேறாகிவிடும். ரிக் உள்ளே மாட்டினால் மழைக்காலம் முடிந்துதான் வெளியே வரும். அதனால் மேனேஜர் அவசரப்படுத்திக்கொண்டே இருந்தார்.

அதற்கு முந்தைய இரண்டு ஊரிலும் எங்களுக்குப் புகைதான். தண்ணீர் கிடைக்காமல் வெறும் பவுடர் பறந்தால் ரிக்காரர்கள் அதைப் புகை என்போம். இரண்டு புகை தொடர்ந்து வந்ததும் முனிரத்தினம் ஆரம்பித்துவிட்டான். எங்கள் எல்லைப் பக்கத்தில் அக்கா புருஷனைப் பாவா என்பார்கள்.

"பாவா, வண்டிக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்க. ஒரு பூசணிக்காய் சுத்தி ஒடச்சாத்தான் சரியாவும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் பக்கத்தில் பூஜை போடாமல் எந்த ரிக் கிளம்புகிறது? ஆனால் அங்கே வெள்ளைப் பூசணி கிடையாது. பிளான்டயர் மார்க்கெட் முழுக்க அலைந்து, ஒரு அம்மாவிடம் ஒரே ஒரு பரங்கிக்காய் கிடைத்தது. பெரிய காய். போன அறுவடையில் எடுத்து வைத்திருந்த கடைசிக் காய் என்றாள். கொடுக்கும் முன்பு தன் துணியால் அதைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஊருக்குள் ரிக் நுழைந்ததும் பெண்கள் பாடிக்கொண்டே எதிரே வந்தார்கள். இடுப்பில் சிட்டெஞ்சி என்று ஒரு துணி கட்டியிருந்தார்கள். கட்டுவதென்னவோ பொதட்டூர்பேட்டை லுங்கி மாதிரிதான், ஆனால் அதில் மீன், கோழி, மின்விசிறி எல்லாம் அச்சடித்திருந்தது. முன்னால் வந்தவர் ஊர்த்தலைவி. அந்தப் பக்கத்தில் பெண்கள் தலைவியாக இருப்பது சாதாரணம். உயரம், ஒல்லி, நிதானமான நடை. எல்லோரும் அவரை மாயி என்று கூப்பிட்டார்கள். அம்மா என்று அர்த்தம்.

ஜியாலஜிஸ்ட் குச்சி அடித்து வைத்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்தினோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பரங்கிக்காயின் தலையில் துளை போட்டு, உள்ளே குங்குமமும் ஒரு ரூபாய் நாணயமும் போட்டேன். முனிரத்தினம் மேலே கற்பூரம் கொளுத்தினான். வண்டிக்கு மூன்று சுற்று சுற்றி, பலம் கொண்டமட்டும் தூக்கித் தரையில் அடித்தேன். காய் நான்கைந்தாகச் சிதறியது.

பாட்டு நின்றுவிட்டது. நூறு பேர் இருந்திருப்பார்கள், ஒரு சத்தம் இல்லை. நம்ம பூஜையைப் பார்த்து அசந்துபோய் நிற்கிறார்கள் என்று நான் நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிளெஸ்ஸிங்ஸ் மட்டும் மலைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான்.

3. கை கழுவத் தண்ணீர்

வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, ராடு மாட்டும் உயரமான மாஸ்டைத் தூக்கி, சாமான்களை இறக்குவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. காலையில் வேலை தொடங்கலாம், அதற்கு முன் விருந்தாளிகள் சாப்பிட வேண்டும் என்று மாயி சொல்லி அனுப்பினார். மாமரத்துக்கு அடியில் பாய் விரித்திருந்தார்கள்.

உட்கார்ந்ததும் ஒரு பெண் மண்டியிட்டு எங்கள் முன்னால் ஒரு கிண்ணம் வைத்து, சொம்பிலிருந்து கையில் தண்ணீர் ஊற்றினாள். ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், வரும் வழியில் பார்த்திருந்தேன். வறண்ட ஆற்றில் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சி அளவு மொண்டு மொண்டு குடத்தில் நிரப்பி, ஒன்றரை மணி நேரம் தலையில் வைத்து நடந்து வருகிறார்கள். அதில் பாதிச் சொம்பு என் கையைக் கழுவக் கிண்ணத்தில் போனது. எனக்குக் கை கூசியது.

தட்டு வந்தது. வெள்ளை மக்காச்சோள மாவில் கிளறிய களி, அங்கே அதை ன்சீமா என்பார்கள். பக்கத்தில் மஞ்சளாக, வேர்க்கடலை மாவு போட்டு மசித்த பரங்கிக்காய். தட்டின் ஓரத்தில், பளபளவென்று கழுவிய ஒரு ரூபாய் நாணயம்.

நான் பிளெஸ்ஸிங்ஸைப் பார்த்தேன்.

"அதே காய்தாண்ணா," என்றான் அவன். "மண்ணு ஒட்டுன பக்கத்தைச் சீவிட்டு நல்லாக் கழுவித்தான் செஞ்சாங்க. இந்த ஊர்ல ஒரு மாசமா ஒருவேளைச் சாப்பாடுதான். போன அறுவடை தீந்துபோச்சு, அடுத்த அறுவடைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."

"நான் ஒடைக்கறதுக்கு முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க சாமி கும்பிட்டுகினு இருந்தீங்க. சாமி காரியத்துல நான் எப்பிடிண்ணா குறுக்க வர்றது?"

"அவங்க இன்னா நெனச்சிகினாங்க?"

"கை தவறி விழுந்துடுச்சுன்னு மாயி சொல்லிட்டாங்க. விருந்தாளிக்கு வெக்கமா இருக்குமே, யாரும் அதைப் பத்திப் பேசக் கூடாதுன்னும் சொல்லிட்டாங்க."

முனிரத்தினம் என் காதருகே வந்தான். "பாவா, திருஷ்டி கழிச்ச காய் இது. இத்தத் துன்னா கழிச்சதெல்லாம் நம்ம வவுத்துக்குள்ளயே வந்துடும். நான் துன்னமாட்டேன், நீயும் துன்னாத."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் தெருவில் உடைந்து கிடக்கும் திருஷ்டிப் பூசணியை யாராவது மிதிப்போமா? சைக்கிளைக்கூட வளைத்துத்தானே ஓட்டுவோம். அதைச் சமைத்துத் தட்டில் வைத்தால்? ஆனால் எதிரே மாயி உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தட்டு இல்லை. நாங்கள் சாப்பிடுவதைப் பார்ப்பதற்காக மட்டும் உட்கார்ந்திருந்தார்.

நான் சாப்பிட்டேன். தைரியத்தால் இல்லை, வெட்கத்தால். இரண்டாவது வாயில்தான் ருசி தெரிந்தது. அவ்வளவு நன்றாக இருந்தது. முனிரத்தினம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உடம்பு சரியில்லை என்று நடித்தான். அவன் பங்கை மாயி ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணிடம் கொடுத்தனுப்பினார்.

கை தவறவில்லை, நான்தான் வேண்டுமென்றே உடைத்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாணயத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

4. புகை

காலை ஆறு மணிக்குப் போர் தொடங்கினோம். மேல் மண் தாண்டிக் கேசிங் இறக்கி, ஹேமர் மாட்டிக் கல்லில் விட்டேன். ராடு ஒன்றுக்கு இருபது அடி. ஊருக்கு ஒரே போர், அதிகபட்சம் இருநூறு அடி, தண்ணீர் வராவிட்டால் அடுத்த ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது கான்ட்ராக்ட். இந்த ஊருக்கு அடுத்த ஊரே இல்லை, வீட்டுக்குத்தான் போக வேண்டும். திரும்ப எப்போது ரிக் வரும் என்று யாருக்கும் தெரியாது.

பெண்கள் விடியும்போதே குடம், வாளி, எண்ணெய் டின் எல்லாம் எடுத்து வந்து வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து ராடு போனது, பவுடர். எட்டு ராடு போனது, பவுடர். பத்தாவது ராடும் இறங்கி முடிந்தது. குடங்களின் மேலெல்லாம் சாம்பல் படிந்ததுதான் மிச்சம்.

மேனேஜர் போனில் வந்தார். "தணிகாசலம், எறநூறு அடி முடிச்சிட்டியா?"

"முடிஞ்சுது சார். புகை."

"அப்ப கேசிங்கை உருவிகினு கெளம்பு. வடக்க மழை ஆரம்பிச்சிடுச்சாம். வண்டி மாட்டிகினா நான் மேல பதில் சொல்ல முடியாது."

முனிரத்தினம் பைப் ரெஞ்சைக் கீழே வைத்தான். "சொன்னேன் இல்ல, பாவா," என்றான்.

மாயி எழுந்து வந்து இரண்டு கையையும் லேசாகத் தட்டினார். அந்த ஊரில் நன்றி சொல்லும் முறை அது. "சிகோமோ," என்றார். காலையிலிருந்து வேலை பார்த்ததற்கு நன்றி என்று பிளெஸ்ஸிங்ஸ் விளக்கினான். பெண்கள் குடத்தில் படிந்த தூசியைத் தட்டினார்கள். ஒருத்தி குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் கிளம்பிவிட்டாள். அவளுக்கு ஏற்கனவே பாதி நாள் வீண். யாராவது இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

5. மூன்று புற்று

எனக்கு அந்தப் பரங்கிக்காய் நினைப்பாகவே இருந்தது. அந்த நினைப்பில்தான் ஒரு கேள்வி வந்தது. மாயியிடம் கேட்கச் சொன்னேன்: "நீங்களும் பரங்கி போடறீங்க இல்ல? வெயில் காலத்துல எந்த எடத்துல கொடி கடைசி வரைக்கும் வாடாம நிக்கும்?"

மாயி யோசிக்கக்கூட இல்லை. நேராக நடந்தார். குச்சி அடித்த இடத்திலிருந்து இருநூறு தப்படி இருக்கும், அங்கே ஆள் உயரத்துக்கு ஒரு கரையான் புற்று. அதன் அடியில் போன வருடத்துக் கொடி. இலை போய்விட்டது, ஆனால் தண்டைக் கிள்ளினால் உள்ளே பச்சை. போன மாதம் வரை இதன் இலையைக் கீரையாகப் பறித்தோம் என்றார். முந்தைய நாளே மாயி, ஜியாலஜிஸ்ட் அடித்த குச்சியைக் காட்டி, இந்த இடத்தைப் பற்றி எங்களிடம் ஏதோ சொல்ல வந்தாராம். நாங்கள் பூஜை மும்முரத்தில் இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டாராம்.

புற்றைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டேன். பிறகு சுற்றிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்தில் இன்னொரு புற்று. அதற்கு அப்பால் இன்னொன்று. மூன்றும் ஒரே கோட்டில், கயிறு பிடித்த மாதிரி, மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. ஒரு புற்று இருந்தால் அது சும்மா புற்று. மூன்று புற்று நேர்கோட்டில் இருந்தால் கீழே கல்லில் வெடிப்பு ஓட வாய்ப்பு உண்டு. இது எந்தப் பேப்பரிலும் நான் படித்ததில்லை, நம் பக்கத்துக் கொல்லைகளில் போர் போட்டுப் போட்டுத் தெரிந்துகொண்டது. அந்த மலையில் பெய்கிற மழை இந்தக் கோட்டு வழியாகக் கீழே இறங்கினால்? அவ்வளவு பெரிய மலை. மறுபடியும் அண்ணாந்து பார்த்தேன்.

மேனேஜருக்குப் போன் போட்டேன். "சார், ஹைட்ராலிக் ஓஸ் லீக்காவுது. மாத்திட்டு நாளைக்குக் காலையிலதான் கெளம்ப முடியும்."

"மாத்தறதுக்கு ஒரு நாளா?"

"ஆங், சார். பழைய ஓஸ்."

முப்பது வருட சர்வீஸில் நான் சொன்ன முதல் முழுப்பொய் அது. கண்டுபிடித்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். முனிரத்தினம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாவா, இதுவும் புகைன்னா ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு போட்டுடுவாங்க. அக்கா என்னைத்தான் கேக்கும்."

"அப்ப நீ வண்டியில போய்ப் படு. ஒடம்பு சரியில்லன்னு எழுதிக்கறேன்."

அவன் கொஞ்ச நேரம் என்னை முறைத்தான். பிறகு ரெஞ்சை எடுத்துக்கொண்டு புற்றுப் பக்கம் நடந்தான்.

புற்றைத் தொடாமல் பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தினோம். எலுமிச்சம்பழம் இல்லை, கற்பூரம் இல்லை. முனிரத்தினம் பக்கவாட்டில் என்னைப் பார்த்தான், நான் கம்ப்ரசரை ஆன் செய்துவிட்டேன்.

முதல் ராடு, இரண்டாவது ராடு, மூன்றாவது ராடு, பவுடர். நான்காவது ராடு பாதியில் ஹேமர் சத்தம் மாறியது. கணீர் கணீர் என்று தட்டிக்கொண்டிருந்தது, ஈரச் சாக்கில் அடிக்கிற மாதிரி ஆனது. லீவர் என் கையில் லேசாக உதறியது. பவுடரின் நிறம் கறுத்தது. பிறகு பவுடரே நின்றுவிட்டது. துளையிலிருந்து ஒன்றுமே வரவில்லை, வெறும் காற்று. அந்த ஐந்து நொடியை என்னால் விவரிக்க முடியாது. பிறகு சின்னச் சின்னக் களிமண் உருண்டைகள் தெறித்தன. பிறகு சேறு. பிறகு தண்ணீர், காற்றோடு சேர்ந்து மாஸ்ட் உயரத்துக்கு எழும்பி எங்கள் எல்லோர் மேலும் விழுந்தது.

எத்தனையோ போர் போட்டிருக்கிறேன். தண்ணீர் வந்தால் ஊர்க்காரர்கள் விசில் அடிப்பார்கள், ஆடுவார்கள். இங்கே யாரும் கத்தவில்லை. பெண்கள் அப்படியே மண்டியிட்டு மெதுவாகக் கை தட்டினார்கள். நூறு பேர் மெதுவாகத் தட்டுகிற அந்தச் சத்தம் தூறல் மாதிரி கேட்டது. ஆற்றுக்குப் போனவள் குடத்தோடு திரும்பி வரும் வழியில் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். நான் ரிக்கின் அந்தப் பக்கம் போய் நின்று அழுதேன். முகத்தில் தண்ணீர் இருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது.

தண்ணீர் தெளிந்ததும் மாயி முதல் சொம்பை மொண்டு என்னிடம் வந்து கையை நீட்டச் சொன்னார். சாப்பாடு எதுவும் இல்லை, சும்மா என் கைமேல் ஊற்றினார். இந்தமுறை முழுச் சொம்பையும் ஊற்றினார்.

முனிரத்தினம் பிளெஸ்ஸிங்ஸிடம் மெதுவாகக் கேட்டான்: "நேத்து செஞ்ச அந்தப் பரங்கிக்காய் மிச்சம் கீதா?"

மேனேஜருக்குப் பிறகு விஷயம் தெரிந்தது. அரை மணி நேரம் திட்டிவிட்டு, ரிப்போர்ட்டில் வெற்றி என்று எழுதிக்கொண்டார்.

6. டூரிஸ்ட்

அதற்குப் பிறகு ரிக்கோடு வேறு நாடுகளுக்கும் போனேன். லெசோத்தோ என்று ஒரு நாடு, சுற்றிலும் தென்னாப்பிரிக்கா, நடுவில் இது மட்டும் தனி. நாடு முழுக்க மலை. ஆண்கள் கம்பளி போர்த்திக்கொண்டு குதிரையில் வேலைக்குப் போவார்கள். ஆப்பிரிக்காவில் நான் பனி விழுவதைப் பார்த்தேன் என்றால் திருத்தணியில் ஒருவரும் நம்பவில்லை. பெனின் என்று இன்னொரு நாடு, அங்கே ஏரிக்குள் கம்பு நட்டு அதன்மேல் ஒரு ஊரையே கட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கும் படகு, கடைக்கும் படகு. இந்த இரண்டையும் உங்கள் பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரிட்டையர் ஆனதும் சரோஜா சொல்லிவிட்டாள். "எல்லாரும் சிங்கப்பூர், மலேசியா போறாங்க. எனக்கு அதெல்லாம் வாணாம். நீங்க வாயப் பொளந்துகினு பாத்தீங்களே, அந்த ஊரைக் காட்டுங்க."

போன வருடம் மலாவிக்குப் போனோம், இந்தமுறை டூரிஸ்ட் விசாவில். பிளெஸ்ஸிங்ஸ் இப்போது சொந்தமாக டாக்சி வைத்திருக்கிறான். முதலில் ஏரிக்குக் கூட்டிப்போனான். கடல் என்றே சரோஜா நினைத்தாள், அலை அடிக்கிறதே. கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்து, "உப்பில்ல" என்று என்னைப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி தண்ணீர், உள்ளே நீலமும் மஞ்சளுமாக மீன்கள் நம் காலைச் சுற்றி வருகின்றன. இந்த ஏரியின் நீளம் சுமார் முந்நூற்று அறுபத்தைந்து மைல், அதனால் வருஷ ஏரி என்று சொல்வார்கள் என்றான் பிளெஸ்ஸிங்ஸ். சரோஜா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எங்கள் திருத்தணி மலைக்குப் படிகள் முந்நூற்று அறுபத்தைந்து. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி. "நம்ம ஊர்ல ஏறிகினு போறோம், இங்க நீளமாப் பூட்ச்சி," என்றாள். வெகுநேரம் அவள் அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

பிறகு அந்த ஊருக்குப் போனோம். அன்று கை தவறவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் போகிறேன் என்று சரோஜாவிடம் சொல்லியிருந்தேன்.

கைப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. பிடி தேய்ந்து பளபளத்தது. வழியும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பியிருந்தார்கள், அந்த வாய்க்கால் நெடுக, புற்றைச் சுற்றிலும், பரங்கிக் கொடி. மாயி கோல் ஊன்றி நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் கொடியைக் காட்டி ஏதோ சொன்னார்.

"உங்க காயோட விதைதாண்ணா," என்றான் பிளெஸ்ஸிங்ஸ். "அன்னிக்கி எடுத்து வச்சதாம்."

நான் அதற்கு மேல் தள்ளிப்போடவில்லை. "மாயிகிட்ட சொல்லு. அன்னிக்கிக் கை தவறல. நான் வேணும்னுதான் ஒடச்சேன். இத்தனை வருஷமா சொல்லாம இருந்துட்டேன்."

மாயி கேட்டார். சிரித்தார்.

"அவங்களுக்குத் தெரியுமாம்," என்றான் பிளெஸ்ஸிங்ஸ். "கை தவறி விழுந்த காய்க்குள்ள காசு எப்படி வரும்னு கேக்கறாங்க. எதுக்கு ஒடச்சீங்கன்னுதான் அன்னியிலிருந்து யோசிச்சிகினு இருக்காங்களாம்."

அடுத்தவர் பொறாமைக் கண் படாமல் இருக்கத்தான் அப்படிச் செய்வோம் என்று விளக்கினேன். மாயி ஒரு கேள்வி கேட்டார், அதைப் பிளெஸ்ஸிங்ஸ் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்: "அன்னிக்கி எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த உலகத்துல யாரு இருந்தாங்க?"



மாயி குனிந்து கொடியிலிருந்து ஒரு காயைத் திருகி எடுத்தார். நல்ல பெரிய காய். அதை என் இரண்டு கையிலும் வைத்தார். "இப்போ பக்கத்து ஊர்க்காரங்க எங்க பம்பைப் பார்த்துக் கண்ணு வைக்கறாங்க. இப்போ வேணும்னா ஒடைங்க," என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார்கள்.

நான் காயை வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சரோஜா அதை என் கையிலிருந்து வாங்கினாள். பாயில் உட்கார்ந்தாள், கத்தி வேண்டும் என்று சைகை காட்டினாள். ஒருத்தி சொம்போடு வந்து அவள் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

வெளியூர் போகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். போன இடத்தில் உங்கள் வழக்கம் எதையும் செய்வதற்கு முன்னால், அவர்களோடு ஒருவேளை சாப்பிட்டுவிடுங்கள். நான் அந்த வரிசையை மாற்றிச் செய்தவன்.

சரோஜா காயை அரிந்தாள். விதைகளை வழித்துத் தனியே ஒரு தட்டில் வைத்தாள், மாயி அதை எடுத்து வெயிலில் பரப்பினார்.